சாமந்தி தங்கிய வீடு

வாளியை மட்டும் நகர்த்தச் சொல்லாதீர்கள் சார். உங்கள் முழங்காலில் இடிக்கிறது, தெரிகிறது. நான் என் காலை மடக்கிக்கொள்கிறேன், நீங்கள் நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். மரக்காணம் வரைக்கும்தான். நீங்கள் பாண்டியா? அப்படியென்றால் எனக்கப்புறம் இந்த சீட் முழுக்க உங்களுக்குத்தான், மாப்பிள்ளை மாதிரி போகலாம்.

பெயிண்ட் வாளிதான். ஆனால் உள்ளே பெயிண்ட் இல்லை. மூடியில் உறுமுவது, தண்ணீருக்குக் காற்று ஊதுகிற பாட்டரி மோட்டார். திருவான்மியூரில் ஏறும்போது கண்டக்டரும் கேட்டார். "இன்னாய்யா அதுல, மீனா? நாறிச்சு, நடுரோட்ல எறக்கி வுட்ருவேன்." மீன் இல்லை சார், பூ என்றேன். "பூவுக்கு எதுக்குய்யா மோட்டாரு?" என்றார். முன்சீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் சொன்னது பொய் இல்லை. கடல் சாமந்தி என்றுதான் அதற்குப் பெயர். பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிர். வாய் உண்டு. கால் உண்டு, ஒரே ஒரு கால். அந்தக் காலை எங்கே ஊன்றுகிறதோ அதுதான் அதற்கு ஊர். இதில் பல சாதி இருக்கிறது, இது கம்பளச் சாதி. விரிந்தால் சோற்றுத் தட்டு அகலம் விரியும், மேலெல்லாம் பொசுபொசுவென்று இருக்கும். தொட்டால் விரலைப் பிடித்துக்கொள்ளும். விடாது.

என் வீட்டுக்காரிக்குக் காட்டத்தான் கொண்டுபோகிறேன். ஏகவல்லி என்று பெயர். மரக்காணத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்கு முட்டி ஆபரேஷன், கூடமாட இருக்கப் போனாள். தீபாவளிக்கு முன்னால் போனவள். அக்கா இப்போது மாடிப்படியே ஏறுகிறாளாம். இவள்தான் இன்னும் வரவில்லை.

அதெல்லாம் சண்டை இல்லை சார். எங்களுக்குள் சண்டையே வராது. சண்டை போடுவதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே! நான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து நைட்டுதான். ஊர் தூங்கும்போது நான் முழிப்பு, ஊர் முழிக்கும்போது நான் தூக்கம். படிப்பு எட்டாவது. மெஷினைப் பார்த்துப் பார்த்துத்தான் தொழில் படிந்தது. அமோனியா எங்கேயாவது பொட்டு அளவு கசிந்தால் போதும், மீட்டர் காட்டுவதற்கு முன்னால் என் மூக்கு காட்டிவிடும். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன், அதையும் அப்படித்தான் படித்தேன், போனில் வீடியோ பார்த்து. அதில் அமோனியா ஏறினால் மீன் செத்துப்போகும். உப்புத்தண்ணீர், குளிர், அமோனியா, மோட்டார். தொழிற்சாலையிலும் அதுவே, வீட்டிலும் அதுவே.

எங்களுக்கு ஒரே அறைதான், பின்னால் ஒரு சமையல்கட்டு. பகலில் நான் தூங்கவேண்டும் என்றால் இருட்டு வேண்டும், சத்தம் கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி அடித்துவைத்திருந்தேன். சத்தத்தை அவள் பார்த்துக்கொண்டாள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால், கரண்டிக் காம்பால் குண்டை லேசாகத் தூக்கிப் பிடித்து ஆவியை விட்டுவிடுவாள். புஸ் என்று போகும், விசில் வராது. சட்னியை எதிர்வீட்டில் அரைத்து எடுத்துவருவாள். சொட்டுகிற குழாயில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், தண்ணீர் நூல் வழியாக இறங்கும், சொட்டென்று கேட்காது. போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள், வெயிலாக இருந்தாலும். நான் எதுவும் சொன்னதில்லை சார், எல்லாம் அவளாகவே.

கொலுசும் அப்படித்தான். புதுசில், தூக்கக் கலக்கத்தில், "எவ அவ, ஜல்ஜல்னு?" என்று ஒரே ஒரு தடவை கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு ஞாபகம்கூட இல்லை. அடுத்தநாள் பார்த்தால் கொலுசு காலில்தான் இருக்கிறது, சத்தம் இல்லை. ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஊசியால் பஞ்சைத் திணித்து அடைத்திருக்கிறாள்! அந்தப் பொறுமை யாருக்கு வரும்?

தொட்டி வாங்கியபோது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "என் கொலுசு உனுக்குச் சத்தம். இந்த மோட்டாரு சத்தமில்லியா?" நான் விளக்கினேன். அது சத்தம் இல்லை, அது உறுமல். ராத்திரி முழுக்க கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அந்த உறுமல் இருந்தால்தான் தூக்கம் வரும். அவள் எழுந்து அரிசி பொறுக்கப் போனாள். புரிந்துகொண்டாள்.

பிள்ளைகளா? இல்லை சார். இரண்டு தடவை தரித்தது, தங்கவில்லை. இரண்டாவது தடவை பகல்நேரம், நான் அசந்து தூங்குகிறேன். அவளே எழுந்து, புடவை மாற்றி, தரையைத் துடைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் எழுந்தேன். டீயைக் காணோம், ஆளைக் காணோம். எதிர்வீட்டு அம்மாள்தான் சொன்னார்கள். ஓடினேன். ஏன்டி என்னை எழுப்பலை என்று கேட்டேன். "டூட்டிக்குப் போற ஆளு. தூக்கம் கெட்டா மெசினாண்ட நின்னு தூங்கிடுவ" என்றாள். படுத்துக்கொண்டே சொன்னாள். அப்படிப்பட்ட பெண் சார். இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்?

என்ன சொல்ல வந்தேன்... ஆமாம், போன். பொங்கல் கழிந்ததும் நான்தான் செய்தேன்.

"ஏகா, எப்ப வர்ற?"

"வந்து?"

"வந்து இன்னா வந்து? உன் வூடுடி அது."

அப்புறம் சொன்னாள். "அந்த வூட்ல எது தங்கிச்சு, நான் தங்கறதுக்கு?"

நான் விளையாட்டாக, "என் மீனுங்க தங்கலியா?" என்றேன்.

"மீனு தண்ணில நீந்திக்கினு கெடக்குது. அது தங்கறதா? ஒரு உசுரு அந்த வூட்ல கால் ஊனி நிக்கட்டும், அப்புறம் சொல்லு. நான் வரேன்." வைத்துவிட்டாள்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, ஏதோ கோபத்தில் சொன்னாள் என்று நினைக்கிறீர்கள். ஏகவல்லியை உங்களுக்குத் தெரியாது. அவள் வாய் திறப்பதே அபூர்வம். திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அது வார்த்தை. கால் ஊன்ற வேண்டும் என்றாள். கால் ஊன்றுகிற உயிர் எது? கொளத்தூர் மீன் மார்க்கெட்டில் நிஜாம் பாய் கடையில் அதைப் பார்த்திருக்கிறேன். தொட்டியின் மூலையில் உட்கார்ந்திருக்கும். ஒற்றைக்கால்.

பாய் முதலில் தரவே இல்லை. "வோணாம்பா. மீனு வளக்கறது குடித்தனம்னா, சாமந்தி வளக்கறது சந்நியாசம். உன்னால முடியாது" என்றார். முடியும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. தண்ணி கெட்டா சரி பண்ணலாம். தீனி எடுக்கலைன்னா கொஞ்சநாள் பாக்கலாம். அதும் கால் மட்டும் கிழியக்கூடாது. கிழிஞ்சா அப்புறம் நீ அல்லாவாண்ட கேட்டாலும் வேலைக்காவாது."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைத் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு. திடீரென்று மாற்றினால் தாங்காது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் வாங்கி, என் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் பைக்குள் விட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆஸ்பத்திரியில் உட்காருகிற மாதிரி. இந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அதற்கே தெரியாமல் வரவேண்டும், அதுதான் பக்குவம். மண்ணில் பள்ளம் பறித்து, அதில் காலை வைத்தேன். மோட்டார் வாயில் ஸ்பாஞ்சு கட்டினேன். இல்லாவிட்டால் இடம் தேடி நடக்கும்போது இழுபட்டு அரைபட்டுப்போகும். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஆலம் கரைச்சு எடுத்தாரட்டா? வலது கால எடுத்து வெச்சு வரச்சொல்லு" என்று கேலி செய்தார்கள். இருக்கிறதே ஒரு கால், அது வலதா இடதா என்று யார் கண்டது!

மறுநாள் டூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், பள்ளத்தில் ஆள் இல்லை. நடந்திருக்கிறது. பின்பக்கக் கல்லிடுக்கில், பிழிந்துபோட்ட துணி மாதிரி சுருண்டு கிடந்தது. எடுத்து மறுபடி பள்ளத்தில் வைத்தேன். மறுபடி போய்விட்டது. பாய்க்குப் போன் போட்டேன்.

"தொட்டியா?"

"தொடாம எப்படி பாய்?"

"எப்பா, பொண்ணு வந்த வூடு மாதிரி நெனைச்சுக்கோ. இங்க ஒக்காரு அங்க ஒக்காருன்னா ஓடிப்போவும். அதுக்குப் புடிச்ச எடத்த அது தேடட்டும். வெளிச்சம் எப்படி? பகல்ல லைட்டு போடுறல்ல?"

"பகல்ல நான் தூங்கணுமே பாய்."

"நீ தூங்குய்யா. அது முழிச்சிருக்கணும்ல? அதுக்கு வெளிச்சந்தான் சோறு. இருட்டுல வெச்சா எந்த உசுரு தங்கும்?"

அன்றைக்கே ஆணியைப் பிடுங்கினேன் சார். அத்தனை வருஷக் கம்பளியை, அன்றைக்கே. என்ன செய்வது, வாயில்லா உயிர், வெளிச்சம் வேண்டுமென்று அதனால் கேட்க முடியுமா? நாம்தான் பார்த்துச் செய்யவேண்டும்.

கம்பளியைக் கீழே போட்டு மடிக்கும்போது பார்த்தேன், ஓரத்தில் ஒரு ஓட்டை. எலி கடித்ததோ என்று நினைத்தேன். எலி இல்லை. கத்தரியால் வெட்டி, நூல் பிரியாமல் சுற்றிவர காஜா எடுத்துத் தைத்திருக்கிறது. சட்டைப் பொத்தானுக்கு எடுப்பார்களே, அந்தத் தையல். கறுப்பு நூல், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தரையிலிருந்து அவள் உட்கார்ந்த உயரம். காய் நறுக்க, அரிசி பொறுக்க, அங்கேதான் சுவரோரமாக உட்காருவாள். இருட்டில் எப்படி நறுக்குகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. நல்ல கம்பளி சார், பாழாக்கிவிட்டாள். கேட்டிருந்தால் நானே ஒரு பக்கம் மடித்துவிட்டிருக்கமாட்டேனா? கேட்டாள்தான், ஒன்றிரண்டு தடவை. கண் கூசும் என்றேன். அதை விடுங்கள்.

இன்னொன்று சொல்லவேண்டும். சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அவள் போனதிலிருந்து எனக்குப் பகலில் தூக்கம் இல்லை. எல்லோருக்கும் பேய் ராத்திரியில் வரும், ராத்திரியில் நான் கம்பெனியில் இருக்கிறேன், அதனால் எனக்குப் பகலில் வருகிறது. கண்ணை மூடினால் சமையல்கட்டிலிருந்து ஜல், ஜல். பஞ்சு வைக்காத கொலுசு. அவள் புதுசாக வந்தபோது நடந்த நடை. எழுந்து போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. குழாயில் நூல் மட்டும் தொங்கும். படுத்தால் மறுபடி ஜல், ஜல். செத்தவர்கள்தான் வரவேண்டும் என்று சட்டமா சார்? அவள் மரக்காணத்தில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே என் வீட்டிலும் நடக்கிறாள். சில நாள் குக்கர் விசில்கூடக் கேட்கும். நான் எழுந்து கரண்டியைத் தேடுவேன்.

அந்த நாட்களில்தான் சாமந்தி நடந்துகொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர், ஒருத்தர்கூட ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பாய் சொன்னபடி தொடவில்லை. விளக்கு எரிய, ஜன்னல் திறந்திருக்க, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அது கல்லிடுக்கிலிருந்து இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கத்து மூலைக்கு வந்தது. அங்கே காலை மண்ணுக்குள் புதைத்து, அடிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்து வந்து பார்க்கிறேன், பச்சையும் வெள்ளையுமாக விரிந்து கிடக்கிறது, கோலம் போட்ட மாதிரி. விரலை வைத்தேன், கப்பென்று பிடித்தது. என்னிடம் ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கிறது, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. கடலில் அதுகளுக்கு வீடே இந்தச் சாமந்திதான். இரண்டும் கொஞ்சநாள் எட்ட நின்று பார்த்தன. அப்புறம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன.

அன்றைக்குக் கொலுசு கேட்கவில்லை. அத்தனை வெளிச்சத்தில் தூங்கினேன் சார். எழுந்தபோது கன்னமெல்லாம் கோரைப்பாயின் கோடு.

தொட்டியில் அது கால் ஊன்றிய மூலை எது தெரியுமா? அவள் உட்காருகிற சுவர்ப் பக்கம். நான் வைக்கவில்லை, அதுவாகத் தேடிக்கொண்ட இடம்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "தங்கிடுச்சு, பாரு" என்று போட்டேன். ஒரு டிக்தான் விழுந்தது. அடுத்த நாளும் ஒரு டிக். மரக்காணத்தில் சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது, உப்பளக் காற்று இல்லையா. அக்கா போனுக்கு அடித்தேன். "அவ தூங்குறா தம்பி" என்கிறாள் அக்கா. எப்போது அடித்தாலும் தூங்குகிறாள். தூங்கட்டும், இத்தனை வருஷத் தூக்கம் பாக்கி இருக்கும். சரி, போட்டோவை யார் நம்புவார்கள்? இந்தக் காலத்தில் போனிலேயே எதை வேண்டுமானாலும் செய்துவிடுகிறார்கள். கண்ணால் பார்த்தால்தானே உண்மை? அதனால்தான் நேரில் கொண்டுபோகிறேன். கால் ஊன்றியதை அவளே பார்க்கட்டும்.

பிய்க்கவில்லை சார், பிய்ப்பேனா? ஊன்றிய காலைப் பலவந்தமாக எடுக்கவே கூடாது. ஐஸ் வைத்தேன். நம் தொழில்தானே! கம்பெனியிலிருந்து ஒரு கட்டி கொண்டுவந்து, தொட்டிக்கு அடியில் கை விட்டு, கால் பிடித்திருக்கிற இடத்தில் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தேன். சில்லென்று ஆனால் அதுவாகவே விட்டுவிடும். முதலில் விடவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கை மரத்துப்போகிற வரைக்கும் பிடித்திருந்தேன். அப்புறம் விட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு துளி ஒட்டிக்கொண்டு, கொஞ்சம்... நகக்கண் அளவு இருக்கும். அவ்வளவுதான். அதைக் கிழிசல் என்றே சொல்லமுடியாது.

மீன்களைக் கொண்டுவரவில்லை. மண்ணில் அது இருந்த இடம் குழியாக இருக்கிறது. நான் கதவைப் பூட்டும்போது இரண்டும் அந்தக் குழியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. நாளைக்கு அவளோடு திரும்பிப் போய் மறுபடி வைத்துவிட்டால் சரியாகிவிடும். அதே குழி, அதே ஜன்னல். பழகிய இடம்தானே.

சொல்லாமல்தான் போகிறேன். சொன்னால் ஏதாவது சமைத்துவைத்துக்கொண்டு சிரமப்படுவாள்.

என்ன சார், பாட்டரி மோட்டார் நின்றுவிட்டதா? ஆமாம், சத்தம் கேட்கவில்லை. பரவாயில்லை, இன்னும் கொஞ்ச தூரம்தான். உறுமலும் இல்லாமல் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும்.

முன்சீட்டு அம்மா எதற்கு மூக்கைப் பொத்துகிறார்கள்? உப்பளம் வந்துவிட்டது, அந்த வாடைதான். சேறு, உப்பு. இந்தப் பக்கம் எப்போதும் இப்படித்தான் அடிக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காலையிலிருந்து மூக்கடைப்பு.

சார், ஒரு உதவி. மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன். என் கை ஈரம், வழுக்கும். நீங்கள் பாருங்கள், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். விரிந்திருக்கிறதா? வாய் மூடியிருக்கிறதா? வாய் சும்மா சின்னதாகத் திறந்திருந்தால் பரவாயில்லை. பெரிதாகவா? தண்ணீர் கலங்கியிருக்குமே, பஸ் குலுக்கலில் அப்படித்தான் ஆகும்.

தொடவேண்டாம் சார். ஒட்டுகிறதா என்று பார்க்கவேண்டாம். மூடிவிடுங்கள்.

தூங்குகிறது, இல்லையா? அலுப்பு. சொந்த இடத்தை விட்டு வந்தால் அப்படித்தான் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அதோ, கோழிக் கூண்டு வைத்த கடை தெரிகிறதே, அதற்கு அடுத்த ஸ்டாப். கொஞ்சம் வழி விடுங்கள். வாளியை நானே தூக்கிக்கொள்கிறேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறேன், படியில் இறங்கும்போது சத்தம் வராது. அந்தக் கண்டக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார், நான் சொன்னால் முறைப்பார். நான் இறங்கினதும் விசில் அடிக்கவேண்டாம். கையைக் காட்டினால் போதும், டிரைவர் எடுத்துவிடுவார்.

உஷ்... மெதுவாகச் சொல்லுங்கள்.